நீங்களும் மேலே ஏறுங்கள்!



குழந்தைகளுக்கு விடுமுறை விட்டால் போதும், வீட்டில் ஒரு பாட்டு தவறாமல் ஆரம்பமாகிவிடும்: "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்களேன்!" எங்களைப் போன்ற முடிச்சூர்க்காரர்களுக்கு வண்டலூர் மிருகக்காட்சிசாலை அடுத்த வீடு மாதிரி. போய்ப் போய் அங்குள்ள யானைக்கே எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அடையாளம் தெரிந்திருக்கும். சினிமா என்றால் டிக்கெட்டைவிடச் சோளப்பொரிக்கு அதிகம் செலவாகிறது. ஆகவே, இந்த வாரம் ஒரு புது யோசனை சொல்கிறேன். உயரமான இடத்தில் ஏறி நின்று, நாம் வாழ்கிற ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பாரிஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் ஈபில் கோபுரத்தில் ஏறாமல் திரும்புவதில்லை. 1889-ல் கட்டிய அந்த இரும்புக் கோபுரத்தைப் பார்க்க இன்றும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நமக்கு விமான டிக்கெட்டெல்லாம் வேண்டாம். மெரினாவின் தெற்குக் கோடியில், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கிறதே கலங்கரை விளக்கம், அது போதும். தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு பிற்பகலில் போய்விட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

"இதற்கு ஒரு திட்டம் வேறு வேண்டுமா? கிளம்பினோம், போனோம் என்று இருக்கவேண்டியதுதானே!" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். திட்டம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எல்லோரும் கலங்கரை விளக்கத்தின் காலடியில் போய் இறங்குவார்கள். அப்போது, "நீ கீழேயே பையைப் பார்த்துக்கொண்டு இரு, நாங்கள் சட்டென்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்" என்று ஒரு குரல் கேட்கும். அந்த 'நீ' யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறியவள், குழந்தைகளுக்குத் தலை பின்னியவள், தண்ணீர் பாட்டில் முதல் தலைவலித் தைலம் வரை எடுத்து வைத்தவள், கடைசியில் கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவாள். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முதல் காரணமே அதுதான். இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கோபுரத்தின் உச்சிக்குப் போனபிறகு சொல்லுகிறேன்.

எந்தக் கோபுரம்?

சென்னையில் ஏறிப் பார்க்கத்தக்க உயரங்கள் மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது பரங்கிமலை. தாம்பரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பது. படியேறியும் போகலாம், வண்டி போகும் பாதையும் இருக்கிறது. மலை உச்சியில் மாதா கோயில். ஏறக்குறைய 300 அடி உயரம்.

இரண்டாவது அண்ணா நகர்ப் பூங்காவில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா கோபுரம். 1968-ல் அங்கே நடந்த பெரிய வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. 135 அடி உயரம், பன்னிரண்டு அடுக்கு. பல வருஷங்கள் மூடிக் கிடந்து, பழுதுபார்த்து, கம்பி வலை அடித்து, 2023-ல் மறுபடியும் திறந்தார்கள். சுற்றிச் சுற்றிப் போகும் பாதையில் குழந்தைகள் ஓடியே ஏறிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய முழங்கால்கள் பாதி வழியில் சத்தியாக்கிரகம் செய்யும்.

மூன்றாவது நம் கலங்கரை விளக்கம். இதில் ஒரு விசேஷம், லிப்ட் இருக்கிறது! கலங்கரை விளக்கம் என்றாலே சுழல் படிக்கட்டு என்றுதான் நாம் நினைப்போம். லிப்ட் வைத்த கலங்கரை விளக்கம் உலகத்திலேயே அபூர்வம். 1977-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி ஒளி வீசத் தொடங்கியது இது. பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல ஆண்டுகள் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து, 2013 நவம்பரில் திறந்துவிட்டார்கள். ஒன்பதாவது மாடி வரை போய் வெளியே நின்று பார்க்கலாம்.

லிப்ட் இருப்பதால் உங்கள் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போகலாம். "எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல கோபுரமும் மண்ணும்? நீங்க போயிட்டு வாங்க" என்பார். அதை முதல் பதிலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "அத்தை, படியே கிடையாது. லிப்டுல போகப் போறோம். நீங்க வரலைன்னா நாங்களும் போகலை" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் எந்தப் புடைவை கட்டுவது என்ற ஆலோசனை ஆரம்பமாகிவிடும்.

எந்த நாள், எந்த நேரம்?

திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலையில் சில மணி நேரம், நடுப்பகலில் இடைவேளை, பிறகு மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை என்பது வழக்கம். கட்டணம் சிறியதுதான். ஆனாலும் நேரத்தையும் கட்டணத்தையும் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது. அரசாங்க அலுவலகத்துப் பலகையை மாற்றுவதற்கு நம்மைக் கேட்கமாட்டார்கள்.

காலையா, மாலையா? மாலைதான். காலையில் சூரியன் கடலின்மேல் இருக்கும். கிழக்கே பார்த்தால் கண் கூசும். பிற்பகலில் சூரியன் நம் முதுகுப்பக்கம் வந்துவிடுவான். கடல், கப்பல், கட்டுமரம் எல்லாம் பளிச்சென்று துலங்கும். மூன்று மணிக்கே போய்விட்டால் கும்பலும் குறைவு. இறங்கி வந்ததும் கடற்கரைக் காற்று இலவசம்.

மாதங்களில் தை, மாசி உத்தமம். மழை ஓய்ந்து ஆகாயம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டவே வேண்டாம்! அன்று மெரினாவில் மணலைப் பார்க்க முடியாது, மனிதர்களைத்தான் பார்க்கலாம். தொலைந்து போகும் குழந்தைகளுக்காகப் போலீஸார் கையில் பட்டை கட்டி, அதில் பெற்றோரின் டெலிபோன் எண்ணை எழுதி விடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. கும்பல் இல்லாத நாளிலும் அதை நாமே செய்துகொள்ளலாம். புறப்படும்போது குழந்தையின் மணிக்கட்டில் பேனாவால் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள்.

மூட்டையைக் குறையுங்கள்

பை இருப்பதால்தான் காவல் வேண்டியிருக்கிறது. காவல் வேண்டியிருப்பதால்தான் நீங்கள் கீழே நிற்கிறீர்கள். ஆகவே பெரிய பையே எடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு சிறிய துணிப்பை. அதில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பொட்டலம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி நாலு, வாழை இலையில் மடித்துக் கொடுத்தால் ஆறு வயதுக் குழந்தைகூடத் தன் பையைத் தானே சுமக்கும். தயிர்சாதத் தூக்கு, ஊறுகாய் ஜாடி, ஜமக்காளம் இவையெல்லாம் கோயில் குளத்துக்குப் போகும்போது இருக்கட்டும்.

அப்படியும் சாமான் சேர்ந்துவிட்டால் இரண்டு கட்சியாகப் பிரியுங்கள். முதல் கட்சியில் நீங்கள், மாமியார், சின்னக் குழந்தை. இரண்டாவது கட்சியில் வீட்டுக்காரரும் பெரிய பிள்ளைகளும். முதல் கட்சி இறங்கி வரும்வரை அவர் பையைக் காக்கட்டும். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கோபுர வாசலில் வைத்து ஆரம்பித்தால், வரிசையில் நிற்பவர்களுக்கு அது இலவச நாடகமாகிவிடும்.

இன்னும் சில சிறு விஷயங்கள். மேலே காற்று பலமாக அடிக்கும். முந்தானையை ஊக்குக் குத்தி வையுங்கள். தலையைத் தளரப் பின்னாமல் இறுகப் பின்னிக்கொள்ளுங்கள். செல்போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் படம் எடுக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை மாவு தயாராக இருக்கட்டும். திரும்பி வந்ததும் "என்ன டிபன்?" என்று யாரும் உங்களைக் கேட்கக்கூடாது. அன்றைக்குத் தோசை ஊற்றும் முறை வேறொருவருடையது என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

ரயிலில்

முடிச்சூர்ச் சாலையில் பஸ் பிடித்துத் தாம்பரம் மேற்கு. அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயில். 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. பூங்கா ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் பூங்கா நகர் ஸ்டேஷனுக்கு நடந்து, பறக்கும் ரயிலில் ஏறினால் 'கலங்கரை விளக்கம்' என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடக்கும் தூரம்தான். எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். மத்தியானச் சாப்பாட்டைச் சற்று முன்னதாக முடித்துக்கொண்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள்.

மாமியார் வருகிறாரென்றால் ரயில் மாறுகிற இடங்களில் படிகள் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். கோபுரத்தில் லிப்ட் இருந்து என்ன, ஸ்டேஷன் படியிலேயே முழங்கால் ஓய்ந்துவிட்டால்? அவருக்காக மாம்பலத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ வாடகைக் காரோ வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் சோளப்பொரிக்குக் கொடுக்கும் காசு இதற்குச் சரியாகப் போகும்.

ரயிலில் குழந்தைகளை இரண்டு இடங்களில் ஜன்னலோரம் நிறுத்துங்கள்.

ஒன்று பரங்கிமலை. 1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்த மலையடிவாரத்தில் சங்கிலி வைத்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார். அந்த முதல் கோடு சுமார் ஏழரை மைல். அந்தக் கோட்டை ஆதாரமாக வைத்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்துகொண்டு போனார்கள். பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். இமயமலையை அளந்த கணக்கு நம் தாம்பரம் ரயில் பாதையின் பக்கத்தில் ஆரம்பமாயிற்று என்றால் குழந்தைகளுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!

இரண்டாவது இடம், கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில். ரயில் தடதடவென்று ஒரு பாலத்தைக் கடக்கும். "கீழே ஓடுகிறது பார், இதுதான் அடையாறு. நம் முடிச்சூர்ப் பக்கமாக வருகிறதே, அதே ஆறு" என்று சொல்லிவையுங்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டாம். மிச்சத்தை மேலே போய்ப் பார்க்கலாம்.

நாலாவது விளக்கு

வரிசையில் நிற்கும்போது குழந்தைகள் பொறுமை இழப்பார்கள். அப்போது சொல்ல ஒரு கதை வேண்டுமல்லவா? இதோ.

இந்த ஊருக்கு ஒரு காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் நம் படகுக்காரர்கள் அலையைத் தாண்டிப் போய் ஜனங்களையும் சாமான்களையும் கரை சேர்ப்பார்கள். அந்தக் கப்பல்களுக்கு ராத்திரியில் வழி தெரியவேண்டுமே! 1796-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் உச்சியில் எண்ணெய்த் திரி விளக்கை ஏற்றினார்கள். நம் வீட்டு மாடத்து விளக்கின் அக்காள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதற்குப் பிறகு 1844-ல், இப்போது ஹைகோர்ட்டு இருக்கும் வளாகத்தில் ஒரு கல் தூண் விளக்கு. அந்தத் தூண் இன்னும் நிற்கிறது. 1894-ல் விளக்கு ஹைகோர்ட்டுக் கட்டடத்தின் பெரிய கோபுரத்துக்கே குடிபோயிற்று. நீதிமன்றத்தின் தலைமேல் கலங்கரை விளக்கம்! எண்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு, 1977-ல் மெரினாவுக்கு வந்தது. நாம் ஏறப்போவது சென்னையின் நாலாவது விளக்கு. முக்கோண வடிவம், தரையிலிருந்து சுமார் 150 அடி உயரம். இதன் வெளிச்சம் ஐம்பது கிலோமீட்டர் வரை எட்டும் என்று கணக்கு.

கதை முடிவதற்கும் லிப்ட் வருவதற்கும் சரியாக இருக்கும். லிப்டில் சிலர்தான் ஏறலாம், நெருக்கித் தள்ளவேண்டாம். டில்லியில் குதுப் மினாரின் உள்ளே 1981-ல் விளக்கு அணைந்து, படிக்கட்டு நெரிசலில் பள்ளிக் குழந்தைகள் பலர் மாண்டுபோனார்கள். அதிலிருந்து இன்றுவரை அதில் யாரையும் ஏற விடுவதில்லை. உயரமான இடத்தில் அவசரம் கூடாது என்பதைக் குழந்தைகள் மனத்தில் பதிய வைப்பது நம் பொறுப்பு.

மேலே போனதும்

முதல் நிமிஷம் தலை கிறுகிறுக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முதலில் தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். மெதுவாகப் பார்வையைக் கீழே இறக்குங்கள். பயம் போய்விடும். குழந்தையைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார வைக்கிற ஆசை வேண்டாம்.

இப்போது கிழக்கே பாருங்கள். மணலில் நின்று பார்க்கும்போது கடல் நமக்கு நாலரைக் கிலோமீட்டர் தூரம்தான் தெரியும். அதற்கு அப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். நூற்றிருபது அடி உயரத்துக்குப் போனால் இருபது கிலோமீட்டருக்கு மேல் தெரியும். கரையிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத கப்பல் மேலிருந்து பார்த்தால் தெரிவது இதனால்தான். பள்ளிக்கூடத்தில் பக்கம் பக்கமாகப் படித்த பூமி உருண்டைப் பாடம் இங்கே ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

வடக்கே மெரினா மணல். எவ்வளவு அகலம் பார்த்தீர்களா! இந்த மணல் ஆதிநாள் தொட்டு இப்படி இருந்ததல்ல. 1870-களில் வடக்கே துறைமுகம் கட்ட ஆரம்பித்துக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பினார்கள். நம் கரையோரமாக, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. சுவர் வழி மறித்ததும் மணல் இந்தப் பக்கம் சேர்ந்தது, கடல் பின்வாங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் இராயபுரம் பகுதியிலோ மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போயிற்று. ஒரு வீட்டுக்கு வந்த செல்வம் இன்னொரு வீட்டில் குறைந்த கதைதான்.

கிட்டத்திலேயே ராணி மேரிக் கல்லூரி. 1914-ல் ஆரம்பித்தது, சென்னை நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி. உடன் வந்திருக்கும் உங்கள் பெண்ணுக்கு அதைச் சுட்டிக் காட்டுங்கள். "நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே படித்த பெண்களும் இதே கடலைப் பார்த்துக்கொண்டுதான் படித்தார்கள்" என்று சொல்லுங்கள். நீங்கள் வேறு புத்திமதி ஒன்றும் சொல்லவேண்டாம், அது போதும்.

தெற்கே நொச்சிக்குப்பத்துப் படகுகள். அப்புறம் சாந்தோம் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம். அதற்கும் அப்பால் பாருங்கள். கடற்கரை ஓரிடத்தில் அறுந்து, தண்ணீர் உள்ளே புகுந்த மாதிரி இருக்கும். அதுதான் நான் சொல்லுவதாகச் சொன்ன இரண்டாவது காரணம்.

நம் ஊர்த் தண்ணீர்

அது அடையாற்றின் முகத்துவாரம். ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில் நிறைந்து வழிகிற தண்ணீர், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலையருகே செம்பரம்பாக்கத்து உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, சைதாப்பேட்டைப் பாலத்தின் கீழே நுழைந்து, கடைசியில் இந்த இடத்தில்தான் கடலில் போய் விழுகிறது. ரயிலில் குழந்தைகளுக்குக் காட்டினீர்களே, அதே ஆறு.

2015 டிசம்பரை முடிச்சூரில் யாரால் மறக்க முடியும்? டிசம்பர் ஒன்றாந் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை. தெருவில் வந்த தண்ணீர் வாசற்படி ஏறி, கூடத்துக்கு வந்து, கட்டிலைத் தொட்டது. அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றியவள் யார்? பள்ளிச் சான்றிதழ்களையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டவள் யார்? மின்சாரம் இல்லாத இருட்டில், மொட்டை மாடியில், பச்சைக் குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருந்தவள் யார்? வடிந்தபிறகு முழங்கால் சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டியவள் யார்? வீட்டுக்கு வீடு இதற்குப் பதில் ஒன்றுதான்.

அவ்வளவையும் பட்டவள், அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எந்த வாசல் வழியாக வெளியே போகவேண்டியிருந்தது என்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கவேண்டாமா? வீட்டுக்குள் நின்று பார்த்தவளுக்குத் தண்ணீர் ஒரு பூதம். மேலே நின்று பார்த்தால் அதற்கு ஒரு பாதை இருப்பது தெரியும், ஒரு வாசல் இருப்பதும் தெரியும்.

அந்த வாசலையும் சற்று உற்றுப் பாருங்கள். மெரினாவை அகலமாக்கின அதே மணல்தான், ஆற்றில் ஓட்டம் குறைகிற கோடை மாதங்களில், முகத்துவாரத்தின் குறுக்கே மேடாகப் படிந்து வாசலை அடைக்கிறது. அதை அவ்வப்போது வெட்டித் திறக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பாலம் பாதியில் உடைந்து நிற்கிறது. மீனவர்கள் கடந்து போவதற்காக 1960-களில் கட்டி, பத்து வருஷத்துக்குள் ஆற்றின் வேகத்துக்கு இரையானது அது. கோடையில் கணுக்கால் நனையாத ஆறு, மழைக்காலத்தில் பாலத்தைப் பிடுங்குகிற ஆறு!

பிறகு தென்மேற்கே திரும்புங்கள். ஆகாயம் தெளிவாக இருந்தால், பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் பரங்கிமலை ஒரு மங்கலான மேடாகத் தெரியலாம். முடிச்சூர் அதற்கும் பின்னால், நம் பார்வைக்கு எட்டாத தூரத்தில். நடுவில் ஒரே வீடும் மாடியுமாக இருக்கிறதே, அவ்வளவு வீடுகளின் மழைத் தண்ணீரும் இந்த ஆறுகளையும் கால்வாய்களையும் நம்பித்தான் இருக்கிறது. நம் தெருக்கோடி வாய்க்காலில் வீசி எறிகிற ஒரு பிளாஸ்டிக் பை எங்கே போய் எதை அடைக்கும் என்று இனிமேல் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தவேண்டியதில்லை. அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

உங்கள் மாமியாரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். "அவ்ளோ தண்ணியும் இந்தச் சந்துலயா போகணும்?" என்று ஒரு கேள்வி கேட்பார். பெரிய பெரிய இன்ஜினீயர்கள் அறிக்கை அறிக்கையாக எழுதுகிற கேள்வி அது.

இறங்கிய பிறகு

ஐந்து மணிக்கு முன்னால் கீழே வந்துவிடுவீர்கள். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மணலில் உட்காருங்கள். குழந்தைகள் அலையில் கால் நனைக்கட்டும், கணுக்காலுக்கு மேல் வேண்டாம். இந்தக் கடலுக்கு இழுப்பு அதிகம். தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் ஆளுக்கு ஒரு பொட்டலம். இருட்டிய பிறகு ஐந்து நிமிஷம் கோபுரத்தைப் பார்த்து நில்லுங்கள். விளக்கு சுற்றிவர எத்தனை வினாடி ஆகிறது என்று குழந்தைகள் எண்ணட்டும். ஒவ்வொரு கலங்கரை விளக்கமும் மின்னுகிற கணக்கு வேறு வேறு. அந்தக் கணக்கை வைத்தே மாலுமிகள் இது எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளுகிறார்கள். ஏழு மணி ரயிலைப் பிடித்தால் ஒன்பது மணிக்குள் முடிச்சூர்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறு காரியம் செய்யச் சொல்லுகிறேன். தோசை வார்க்கும் முறை அன்றைக்கு வேறொருவருடையது அல்லவா? நீங்கள் ஒரு காகிதத்தையும் பென்ஸிலையும் எடுத்துக் குழந்தைகளை உட்கார வைத்து, நம் ஏரியிலிருந்து கடல் வரை அந்த ஆற்றை வரையச் சொல்லுங்கள். பாலம் எங்கே, மலை எங்கே, நம் வீடு எங்கே என்று குறிக்கட்டும். அடுத்த மழைக்காலத்தில் "ஆற்றில் தண்ணீர் வருகிறது" என்று செய்தி வந்தால், எந்த ஏரி, எவ்வளவு தூரம், நமக்கு எவ்வளவு அவகாசம் என்று அந்தப் படத்தைப் பார்த்து யோசிக்க முடியும். பரணில் எதை முதலில் ஏற்றுவது என்பதை, தண்ணீர் கட்டிலைத் தொட்டபிறகு யோசிக்கவேண்டியதில்லை.

என்ன, முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியானால் எழுந்துபோய்க் காலண்டரில் ஒரு நாளை வட்டம் போட்டு வையுங்கள். எந்த நாளானாலும் சரி, திங்கட்கிழமையைத் தவிர!